எம்ஜிபி காரின் பின் டிஃபரன்ஷியல்: சோதனையும் பழுதுநீக்கமும் – முழுமையான வழிகாட்டி

பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் பின் ஆக்சிலைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் பின்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது என்பது ஒன்று. குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடுவது போன்ற சத்தம் தொடர்ந்து கேட்கிறது என்பது மற்றொன்று. இவை இரண்டும் டிஃபரன்ஷியல் (திரும்பும்போது இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) இருக்கும் ஒரே ஹவுசிங்குக்குள்ளிருந்து வந்தாலும் வெவ்வேறு நோய்கள். இவற்றுக்கான மருத்துவமும் வேறு வேறு. ‘டொக்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் கியர்களின் பின்னால் அழுத்தம் தாங்கி நிற்கும், விலை மலிவான சில திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துபோவதுதான். அதைச் சரிசெய்வதாக எண்ணி, நன்றாகப் பொருந்தி ஓடிக்கொண்டிருக்கும் கிரவுன் வீலையும் (பெரிய பல்சக்கரம்) அதைச் சுழற்றும் பினியனையும் (சிறிய பல்சக்கரம்) கழற்றி மாட்டுபவர்கள், அதுவரை அமைதியாக இருந்த ஆக்சிலுக்கு ஊளைச் சத்தத்தைப் புதிதாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆகவே எதைத் தொட வேண்டும் என்பதோடு, எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதையும் இந்த வழிகாட்டி விரிவாகவே சொல்கிறது.

எந்த ஆக்சில் என்று முதலில் அறிதல்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்ஜிபி தயாரிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அதில் இரண்டு வகைப் பின் ஆக்சில்கள் வந்தன. தொடக்கக் கால ரோட்ஸ்டர்களில் (திறந்த கூரை மாடல்) இருந்தது பேன்ஜோ வகை. இதில் நடுப்பகுதி வட்டமாக உப்பியிருக்கும். பின்புறம் திறக்க முடியாதபடி மூடியே இருக்கும். டிஃபரன்ஷியல் முழுவதும் ஒரே தொகுதியாக முன்பக்கமாகக் கழன்று வரும். 1965-இல் வெளிவந்த, மூடிய கூரையுள்ள ஜிடி மாடலில் தொடக்கத்திலிருந்தே குழாய் வகை ஆக்சில் பொருத்தப்பட்டது. ரோட்ஸ்டரும் 1967-இல் அதற்கு மாறியது. வார்ப்பிரும்பு நடுப்பகுதியின் இருபுறமும் எஃகுக் குழாய்கள் இறுக்கிச் செருகப்பட்டிருக்க, பின்புறம் போல்ட் போட்டு மூடிய ஒரு தகட்டு மூடி இருந்தால் அது குழாய் ஆக்சில். வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் பல வண்டிகளுக்கு ஆக்சில் மாற்றப்பட்டிருக்கும் என்பதால், தயாரிப்பு ஆண்டை மட்டும் நம்பிப் பாகங்களை வாங்கக் கூடாது.

இரண்டிலும் விகிதம் 3.909. அதாவது பினியனில் 11 பற்கள், கிரவுன் வீலில் 43 பற்கள். எம்ஜிபி ஜிடி வி8-க்கு 3.07 என்ற விகிதம் இருந்தது. எம்ஜிசி காரிலும் வேறு விகிதங்கள் உண்டு. முந்தைய உரிமையாளர் நெடுஞ்சாலை ஓட்டத்துக்காக அப்படி ஒன்றை மாற்றிப் பொருத்தியிருக்கவும் கூடும். சந்தேகமிருந்தால் இரு சக்கரங்களும் சேர்ந்து சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்குக்குச் சற்றே குறைந்தால் அசல் விகிதம்தான்.

தமிழ்நாட்டில் அம்பாசடர் கார்களில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்குகளுக்குப் பேன்ஜோ அமைப்பு புதிதாக இராது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடரும், எம்ஜியும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) குடும்பத்தின் வழிவந்தவையே. வேலை செய்யும் முறை ஒத்திருக்கும். அதற்காகப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

சத்தத்தை வைத்து நோயை அறிதல்

ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். போக்குவரத்து இல்லாத சமமான சாலையில், ஆக்சில் நன்கு சூடான பிறகு, நான்கு நிலைகளில் காது கொடுத்துக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகம் கூட்டும்போது, ஒரே வேகத்தில் மெல்லப் பிடித்துச் செல்லும்போது, கியரிலேயே இருக்க ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்போது, நியூட்ரலில் உருளும்போது என்பவையே அந்த நான்கு. வேகம் கூட்டும்போது மட்டும் ஊளை கேட்டால் பற்களின் முன்னோக்கு முகம் தேய்ந்திருக்கிறது அல்லது பினியனின் ஆழம் தவறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் எழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை பினியன் பேரிங்குகள்; அவற்றில் முன்பின் ஆட்டம் வந்திருந்தால் விசை திசை மாறும் அந்தக் கணத்தில் பினியன் இடம் பெயர்கிறது. இரண்டு நிலைகளிலும் ஒரேபோல் கேட்டால் பல் தேய்மானம் முற்றியிருக்கலாம்.

நான்கு நிலைகளிலும் மாறாமல் கேட்கும் தாழ்ந்த உறுமல் பெரும்பாலும் சக்கர பேரிங்கிலிருந்து வருவது. வண்டியை மெதுவாக இடமும் வலமுமாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாரம் ஏறும்போது உறுமல் கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் டிஃபரன்ஷியலைத் திறக்கத் தேவையே இல்லை. டயர்களின் இரைச்சலும் ஊளைபோலவே ஏமாற்றும். ஆனால் டயர் இரைச்சல் சாலையின் மேற்பரப்பு மாறும்போது மாறிவிடும். பல் சத்தம் மாறாது. திரும்பும்போது மட்டும் ‘கட கட’ என்றால் ஸ்டார் பினியன்களையும் (டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சிறு பல்சக்கரங்கள்) சன் கியர்களையும் (அவற்றோடு கோர்த்து, ஆக்சில் ஷாஃப்டுகளைச் சுழற்றும் பல்சக்கரங்கள்) பார்க்க வேண்டும், ஏனெனில் நேரே செல்லும்போது அவை தம்முள் சுழல்வதில்லை.

இனி ‘டொக்’ சத்தம். இதற்கு டிஃபரன்ஷியலுக்கு வெளியிலும் காரணங்கள் பல உண்டு. புரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாய்ண்ட், லீஃப் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள், அவற்றின் நடுவே நசுங்கிப்போன ரப்பர் பட்டைகள், கம்பிச் சக்கரம் உள்ள வண்டிகளில் ஹப்பின் தேய்ந்த ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) ஆகியவற்றை முதலில் சோதித்து ஒதுக்கிவிட வேண்டும். கம்பிச் சக்கர ஸ்ப்ளைனின் தேய்மானத்தை டிஃபரன்ஷியல் மேல் சுமத்துவது மிகவும் சகஜமாக நடக்கும் தவறு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால், டிரம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைவது கண்ணுக்கே தெரியும்.

வண்டிக்கு அடியில் செய்யும் சோதனைகள்

சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பகுதியைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை மட்டும் நம்பி எக்காரணம் கொண்டும் அடியில் படுக்கக் கூடாது. பிறகு எண்ணெய் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வடிகால் பிளக்கை முதலில் திறந்து எண்ணெயை வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்றால், வண்டி அங்கேயே முடங்கிவிடும்.

எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வடிக்கும்போது பிளக்கில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. பல ஆண்டு ஓட்டத்தின் நுண்ணிய இரும்புத் தூள் அது. விரலிடுக்கில் நெருடும் துகள்களோ, பல்லின் சில்லுகளோ வந்தால் கவலைக்குரியது. பொன்னிறமாக மினுங்கும் மெல்லிய செதில்கள் திரஸ்ட் வாஷர்கள் கரைந்து வருவதைக் காட்டுகின்றன. எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளில் துருக் குழிகள் விழுந்திருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சிலின் மேற்பகுதியில் ஒரு சிறிய மூச்சுத்துளை உண்டு. ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று வெளியேறுவதற்கான வழி அது. சேறும் எண்ணெயும் சேர்ந்து அது அடைபட்டால், உள்ளே ஏறும் அழுத்தம் நல்ல சீல்கள் வழியாகக்கூட எண்ணெயைத் தள்ளிவிடும். பினியன் சீல் கசிகிறது என்று புது சீல் போட்டும் கசிவு நிற்காத வண்டிகளில், இந்தத் துளையை யாரும் பார்த்திராததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அடுத்து ஆட்டத்தை அளத்தல். கை பிரேக்கை இறுக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, பினியன் ஃபிளேஞ்சின் (புரொப்பல்லர் ஷாஃப்ட் பினியனோடு இணையும் தட்டு) விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடும் ஹவுசிங்கில் அதற்கு நேராக இன்னொரு கோடும் போடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருப்பினால், கோடு எவ்வளவு நகர்கிறது என்பது மொத்த ஆட்டம். இங்கே ஒரு சிறிய கணக்கு மிகவும் உதவும். கிரவுன் வீலின் பற்களுக்கும் பினியன் பற்களுக்கும் இடையே இருக்கும் பேக்லாஷ் 0.15 மி.மீ. என்றும், கிரவுன் வீலின் ஆரம் சுமார் 88 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளி கிரவுன் வீலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு டிகிரிதான். 3.909-ஆல் பெருக்கினாலும் பினியன் ஃபிளேஞ்சில் அது அரை டிகிரிக்குக் குறைவாகவே வரும். இந்த இடைவெளி தேய்மானத்தால் இரு மடங்கானாலும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவே கூடும். ஆனால் ‘டொக்’ என்று அடிக்கும் வண்டியில் ஃபிளேஞ்ச் பத்து, பதினைந்து டிகிரி தாராளமாகச் சுழலும். அந்த ஆட்டம் கிரவுன்–பினியனில் இருக்க வழியே இல்லை. ஸ்டார் பினியன்களிலும், சன் கியர்களிலும், அவற்றின் பின்னால் உள்ள வாஷர்களிலும், ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்ளைன்களிலும்தான் அது ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்திருந்தால், தேவையில்லாமல் பினியனைக் கழற்றும் செலவும் சிரமமும் நேராது.

குழாய் ஆக்சிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஃபிளேஞ்சை மெல்ல அசைக்க, மற்றவர் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஃபிளேஞ்ச் திரும்பியதுமே கிரவுன் வீல் கூடவே திரும்புகிறது; ஸ்டார் பினியன்களைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கூடும் திரும்புகிறது; சன் கியர் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஸ்டார் பினியன் தன் கிராஸ் பின்னின் (அது சுழலும் குறுக்குத் தண்டு) மேல் சற்று உருண்டு, தன் இருப்பிடத்திலிருந்து வெளிப்புறமாக ஒதுங்கி, கூட்டின் சுவரில் போய் முட்டிய பிறகே சன் கியரின் பல்லை அழுத்துகிறது. அந்த முட்டலில்தான் சத்தம் பிறக்கிறது. ஸ்டார் பினியனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய கிண்ண வடிவ வாஷர் காகிதம்போல் மெலிந்திருப்பதையோ, உடைந்து பாதி காணாமல் போயிருப்பதையோ அங்கேயே கண்டுகொள்ளலாம்.

குழாய் ஆக்சிலில் வாஷர் மாற்றுதல்

ஆக்சிலை வண்டியிலிருந்து இறக்காமலேயே செய்யக்கூடிய வேலை இது. பொறுமையுள்ள எவராலும் வீட்டுக் கொட்டகையில் முடிக்க முடியும்.

வண்டி தரையில் நிற்கும்போதே ஆக்சில் ஷாஃப்ட் நுனியில் உள்ள பெரிய ஹப் நட்டுகளின் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். அது 150 பவுண்டு-அடி (சுமார் 203 நியூட்டன் மீட்டர்) முறுக்கில் இறுகியிருப்பது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் அவ்வளவு விசை கொடுப்பது ஆபத்து. பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, எண்ணெயை வடித்து, சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் எடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே முறை.

ஹப்பைக் கழற்றி, பிரேக் குழாயையும் கை பிரேக் கேபிளையும் விடுவித்து, பிரேக் பின்தகட்டையும் அதோடு வரும் சீல் மூடியையும் எடுத்தால் பேரிங் தெரியும். ஷாஃப்டும் பேரிங்கும் சேர்ந்தே வெளியே வரும். சறுக்குச் சுத்தியல் கொண்டு சில தட்டுகள் தட்டினால் போதும். ஷாஃப்டின் உள்முனை ஸ்ப்ளைன்களை நன்கு துடைத்துப் பாருங்கள். பற்கள் நேர்கோட்டில் இல்லாமல் சற்றே முறுக்கியது போலத் தெரிந்தால் அந்த ஷாஃப்ட் உடையக் காத்திருக்கிறது; மாற்றிவிட வேண்டும்.

கூட்டைச் சுழற்றி, கிராஸ் பின்னைப் பிடித்திருக்கும் சிறிய உருளைப் பின் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சரியான அளவுப் பஞ்சால் அதைத் தட்டி எடுத்ததும் கிராஸ் பின்னை வெளியே தள்ளலாம். இப்போது ஒரு சன் கியரைக் கையால் சுழற்றினால் இரண்டு ஸ்டார் பினியன்களும் ஒன்றுக்கொன்று எதிரெதிராகவே உருண்டு, கால் சுற்றில் கூட்டின் சன்னல்களுக்கு வந்துவிடும். அவற்றை வாஷர்களோடு எடுத்துவிட்டு, பிறகு சன் கியர்களையும் அவற்றின் தட்டையான வாஷர்களையும் எடுங்கள்.

புது வாஷரை மாட்டும் முன் பார்க்க வேண்டியவை இவை. கிராஸ் பின்னில் நகத்தால் வருடும்போது படிக்கட்டு தட்டுப்பட்டால் பின்னை மாற்ற வேண்டும். வாஷர் தேய்ந்து தீர்ந்த பிறகும் வண்டி நெடுநாள் ஓடியிருந்தால், ஸ்டார் பினியன் கூட்டின் சுவரையே அரித்திருக்கும். அந்த வட்டத்தடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். பள்ளம் லேசாக இருந்தால் புது வாஷரோடு ஓட்டலாம். ஆழமாக இருந்தால் நல்ல நிலையில் உள்ள பழைய ஆக்சில் ஒன்றைத் தேடி, அதன் கூட்டையோ முழுத் தொகுதியையோ பொருத்துவதே அறிவுடைமை என்பது என் கருத்து. அரித்த கூட்டுக்கு வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து சரிசெய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

மாட்டும்போது எல்லாப் பாகங்களையும் டிஃபரன்ஷியல் எண்ணெயில் நனைத்து, சன் கியர்களை முதலில் வைத்து, இரண்டு ஸ்டார் பினியன்களையும் நேர் எதிராகப் பற்களில் கோர்த்து ஒன்றாக உருட்டிவிடுங்கள். ஒரு பல் பிசகினாலும் கிராஸ் பின் துளைகள் நேர்ப்படாது. கிராஸ் பின்னின் பூட்டுத் துளை கூட்டின் துளையோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தபின் புதிய உருளைப் பின்னை அடியுங்கள். பின்மூடியின் முகத்தில் பழைய கேஸ்கட் ஒட்டு எதுவும் மீதியில்லாமல் துடைத்து, புது கேஸ்கட்டோடு போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும்.

பேன்ஜோ ஆக்சிலில் அதே வேலை

இங்கே தொகுதியை வெளியே எடுத்தாக வேண்டும். சாதாரண வட்டுச் சக்கர வண்டிகளில் ஆக்சில் ஷாஃப்டின் ஃபிளேஞ்ச் ஹப்பின் மேல் அமர்ந்திருக்கும். ஹப் தனியே ஹவுசிங்கின் மேல் தன் பேரிங்கில் நிற்பதால், டிரம்மை எடுத்து ஃபிளேஞ்சை விடுவித்தாலே ஷாஃப்ட் நேராக வந்துவிடும். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்சுகளில் அடையாளக் கோடு போட்டுவிட்டு அவற்றைப் பிரித்து, தொகுதியைச் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் டிஃபரன்ஷியல் முன்பக்கமாக விடுபடும். எடை அதிகம், கனத்த வார்ப்பிரும்பு. ஒற்றை ஆளாகப் படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் வாங்கப் பார்க்காமல், அடியில் தள்ளு ஜாக் வைத்து இறக்குங்கள்.

மேசையில் வைத்ததும், இரண்டு பேரிங் மூடிகளிலும் அவற்றின் இருப்பிடங்களிலும் பஞ்சால் அடையாளம் இடவும். அவை வார்ப்போடு சேர்த்தே கடையப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் ஒருபோதும் வட்டமாக அமராது. மூடிகளை எடுத்துக் கூட்டை வெளியே தூக்கும்போது பக்கவாட்டு ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கம் எவை என்பதைத் தனித்தனிப் பைகளில் போட்டு எழுதிவையுங்கள். வேலை முழுவதற்கும் இந்த இரண்டு பைகள்தான் காப்பீடு.

கிரவுன் வீலுக்கும் கூட்டுக்கும் பொதுவாக ஒரு கோடு போட்டு, பூட்டுத் தகடுகளை நிமிர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றிக் கிரவுன் வீலை எடுங்கள். கிராஸ் பின்னைப் பூட்டும் பின் இங்கே 3/16 அங்குல விட்டமுள்ளது. அதை கிரவுன் வீல் இருந்த பக்கத்திலிருந்துதான் தட்ட வேண்டும். பின் ஊடுருவி வெளியேறிவிடாதபடி துளை அந்தப் பக்கத்தில் சற்றே சிறியதாக இருக்கும். மறுபக்கத் துளைவாயில் உலோகத்தை அடித்து அடைத்திருப்பார்கள்; அது தடுத்தால் அதே அளவு டிரில் பிட்டால் மெல்லச் சுரண்டிவிட வேண்டும். திசை தெரியாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தால் பின் மேலும் இறுகி, கூடு விரிசல் காணும் அளவுக்குப் போகலாம்.

மற்றவை முன்சொன்னபடியே. திரும்ப மாட்டும்போது கிரவுன் வீல் அமரும் முகத்தைத் தூசியின்றித் துடைத்து, போல்ட்டுகளை 60 முதல் 65 பவுண்டு-அடி (81–88 நியூட்டன் மீட்டர்) முறுக்கில் இறுக்கி, டயல் கேஜால் கிரவுன் வீலின் பின்முகக் கோணலை அளக்க வேண்டும். 0.002 அங்குலத்துக்கு (0.05 மி.மீ.) மேல் இருந்தால் இடையே ஏதோ அழுக்கு சிக்கியிருக்கிறது, கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள். பக்கவாட்டு பேரிங்குகளின் ஒரு முகத்தில் ‘திரஸ்ட்’ என்று பொறித்திருக்கும். அந்த முகம் வெளிப்புறம் நோக்க வேண்டும். பழைய பேரிங்குகளும் பழைய ஷிம்களும் அந்தந்த இடத்துக்கே திரும்பினால் பேக்லாஷ் மாறாமல் பழையபடியே அமையும். மூடிகளுக்கும் அதே 60–65 பவுண்டு-அடிதான்.

பினியன் சீல்

சீல் மாற்றுவது சிறு வேலைபோலத் தோன்றும். இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உயிராக நிற்பது இங்கேதான். பேன்ஜோவில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவே திடமான ஸ்பேசரும் ஷிம்களும் இருக்கின்றன. ஆகவே நட்டைக் கழற்றி, சீலை மாற்றி, நட்டை மீண்டும் 135 முதல் 140 பவுண்டு-அடி (183–190 நியூட்டன் மீட்டர்) முறுக்கில் இறுக்கினால் பேரிங் ப்ரீலோடு (பேரிங்குகளை ஆட்டமில்லாமல் அழுத்தி வைக்கும் விசை) தானாகவே பழைய நிலைக்கு வரும்.

குழாய் ஆக்சிலில் இருப்பது நசுங்கும் ஸ்பேசர். நட்டை இறுக்க இறுக்க அது குறுகிப் பேரிங்குகளுக்குச் சரியான அழுத்தம் கொடுக்கும். ஒருமுறை நசுங்கியது மீண்டும் விரியாது. இந்த நட்டை, பேன்ஜோவின் எண்ணைப் பார்த்துக் கண்மூடித்தனமாக முறுக்கினால் பேரிங்குகள் அளவுக்கு மீறி அழுத்தப்பட்டு, சில நூறு கிலோமீட்டரில் வெந்துவிடும். எனவே கழற்றும் முன்னரே சக்கரங்களையும் பிரேக் உராய்வையும் விலக்கிவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிரித்து, ஃபிளேஞ்சைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்கைச் சிறிய அளவு காட்டும் டார்க் மீட்டராலோ, ஃபிளேஞ்ச் விளிம்பில் நூல் சுற்றி இழுக்கும் சுருள் தராசாலோ அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் சேர்த்து ஒரு கோடும் போட வேண்டும். புது சீல் போட்டபின் நட்டை அடையாளம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து மிகச் சிறு அடிகளாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுழற்றிப் பார்த்து, முன்பு குறித்த அளவை எட்டியதும் நிறுத்துங்கள். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது. புது ஸ்பேசர்தான் போட வேண்டும். புதிய பேரிங்குகளும் புதிய ஸ்பேசரும் போடும்போது, சீலோடு சேர்த்துப் பினியன் சுழற்சி முறுக்கு 14 முதல் 18 பவுண்டு-அங்குலம் (சுமார் 1.6–2.0 நியூட்டன் மீட்டர்) வர வேண்டும்.

சீலின் உதடு உரசும் ஃபிளேஞ்ச் கழுத்தையும் பாருங்கள். அங்கே நகம் சிக்கும் பள்ளம் விழுந்திருந்தால் எந்த சீலும் நிற்காது. மெல்லிய எஃகு உறை ஒன்றை அதன் மேல் பொருத்தலாம். அல்லது சீலைச் சற்று ஆழம் மாற்றி அடித்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம்.

கிரவுன்–பினியனைத் தொட்டே ஆக வேண்டிய நிலை

பல் உடைந்திருந்தாலோ, பினியன் பேரிங் போய்விட்டிருந்தாலோ, தாங்க முடியாத ஊளை இருந்தாலோ தவிர இந்த இடத்துக்கு வரக் கூடாது. கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டு இணைக்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றுவது என்பது கிடையவே கிடையாது. பழைய ஜோடியைப் புது பேரிங்கோடு மாட்டும்போதும், தேய்ந்த பற்கள் தமக்கென்று ஏற்படுத்திக்கொண்ட தடத்திலிருந்து சற்றே விலகினால் சத்தம் எழும். அதனால் பழைய ஜோடிக்குப் பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவருவதே குறிக்கோளாக இருக்க வேண்டும்.

பேன்ஜோவின் கிரவுன் வீல் பின்முகத்தில் அந்த ஜோடிக்குரிய பேக்லாஷ் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டு ஷிம்மை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 0.002 அங்குலம் மாற்றினால் பேக்லாஷும் ஏறத்தாழ 0.002 அங்குலம் மாறும். இதை டயல் கேஜைக் கிரவுன் வீல் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, பல இடங்களில் அளந்து பார்க்க வேண்டும்.

பேக்லாஷ் சரியானபின் தொடர்புத் தடம். நாலைந்து பற்களில் மார்க்கிங் பேஸ்ட்டை மெலிதாகத் தடவி, கிரவுன் வீலைச் சற்றுப் பிடித்துத் தடுத்தபடி பினியனை இருபுறமும் சுழற்றுங்கள். வண்டியை முன்னோக்கித் தள்ளும்போது வேலை செய்வது பல்லின் குவிந்த முகம். அந்த முகத்துத் தடத்துக்கே முதலிடம். தடம் பல்லின் உச்சியை ஒட்டி மேலே நின்றால் பினியன் வெளியே தள்ளி நிற்கிறது. பினியன் தலைக்குப் பின்னுள்ள வாஷரைத் தடிமனாக்கி உள்ளே செலுத்த வேண்டும். தடம் பல்லின் அடியில் அழுந்தினால் பினியன் ஆழமாகப் போய்விட்டது. மெல்லிய வாஷர் தேவை. தடம் பல்லின் வெளிமுனையான அகன்ற பக்கம் ஒதுங்கினால் கிரவுன் வீலைப் பினியனை நோக்கி நகர்த்தவும். உள்முனையான குறுகிய பக்கம் ஒதுங்கினால் விலக்கவும். ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும் என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பேக்லாஷை மறுபடி அளந்தாக வேண்டும்.

குழாய் ஆக்சிலில் கூட்டை எடுக்க வேண்டுமானால் வார்ப்பைச் சற்றே அகட்டும் தனிக் கருவி தேவை. அது இல்லாமல் நெம்புகோலால் பெயர்த்தெடுக்கும் வேலையை ஊக்குவிக்க எனக்கு மனமில்லை. அந்தக் கட்டத்தில் ஆக்சிலை அந்த வேலையில் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய் நிரப்புதலும் ஓட்டிப் பார்த்தலும்

பினியனும் கிரவுன் வீலும் ஹைபாய்டு வகை. பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், மிகு அழுத்தம் தாங்கும் ஹைபாய்டு எண்ணெயே வேண்டும். எஸ்ஏஇ 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம் பொருந்தும். எம்ஜிபியின் கியர் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெய் ஊற்றுவதுபோல் ஆக்சிலுக்கும் அதையே ஊற்றிவிடக் கூடாது. பேன்ஜோவுக்கு 1.28 லிட்டர், குழாய் ஆக்சிலுக்கு 0.85 லிட்டர், எதுவாயினும் வண்டி சமமாக நிற்கும்போது எண்ணெய் நிரப்பும் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும் நிலையே இறுதி அளவு. அதற்கு மேல் ஊற்றினால் உபரி எண்ணெய் சீல்களைத் தாண்டிப் பிரேக் லைனிங்கில் போய்ச் சேரும்.

குழாய் ஆக்சிலின் ஹப் நட்டுகளை வண்டி தரையில் இறங்கியபின் 150 பவுண்டு-அடிக்கு இறுக்கி, ஸ்ப்ளிட் பின் துளை ஒத்துவரவில்லையானால் தளர்த்தாமல் அடுத்த துளைவரை முன்னோக்கி இறுக்குங்கள். பிரேக் குழாய்களைத் திறந்திருந்தால் காற்றெடுத்து, பெடல் உறுதியாக நிற்பதைப் பார்த்த பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

முதல் ஓட்டத்தைக் குறுகியதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, நிறுத்தி, பினியன் கழுத்துப் பகுதியின் மேல் கையை அருகில் கொண்டுசென்று பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, கை வைக்க முடியாமல் கொதித்தால் ப்ரீலோடு மிகுந்திருக்கிறது என்று பொருள், மேற்கொண்டு ஓட்டாதீர்கள். புது கிரவுன்–பினியன் போட்டிருந்தால், முதல் சில நூறு கிலோமீட்டர் முழு ஆக்சிலரேட்டரையும் நீண்ட அதிவேக ஓட்டத்தையும் தவிர்த்து, பிறகு அந்த எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுவது நல்லது. வடிகால் பிளக்கில் அப்போது வரும் சாம்பல் நிறப் பசையைத் துணியில் துடைத்துப் பார்த்து, அதில் நெருடும் துகள் எதுவும் இல்லையென்றால் அடுத்த எண்ணெய் மாற்றம் வரை ஆக்சிலைத் திறக்கத் தேவையில்லை.